லைட்டை அழித்தால் பிரேக் வந்துவிடுமா?

“அண்ணை, கோட் எல்லாம் அழிச்சாச்சு. இனிப் பயமில்லாமல் எடுத்துக்கொண்டு போங்கோ.”

இன்று பின்னேரம் இந்த வசனத்தைத் திரும்பவும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆத்திரத்தில் கை இன்னும் நடுங்குகிறது.

பெற்றோல் இயந்திரமும் மின்சார மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் கார் வைத்திருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டாஷ்போர்டில் சிவப்பு லைட் வரும், மஞ்சள் லைட் வரும், பஸர் கத்தும். கராஜுக்கு ஓடுவீர்கள். ஒரு தம்பி ஸ்கேன் மெஷினைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுவான். திரையை அவன் மட்டும் பார்ப்பான். ஒரு பொத்தானை அமத்துவான். என்ன பிழை என்று காரின் கம்பியூட்டர் குறித்து வைத்த நம்பர், அதுதான் ‘கோட்’, அழிந்துவிடும். லைட்டெல்லாம் போய்விடும். காசைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். இரண்டொரு நாளில் அதே பஸர், அதே லைட்.

லைட் போய்விட்டது, சரி. பிரேக் வந்ததா? நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

திருகோணமலைக் கோணேசர் கோயில் இறக்கத்தில் நடந்ததை அந்தக் கராஜில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒருவனும் கடைசிவரை கேட்கவில்லை. பாதியிலேயே “ஓம் ஓம், விளங்குது அண்ணை” என்று கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விடுகிறார்கள். அதனால் இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை. பின்னேரப் பூசை முடிந்து சனம் இறங்குகிற நேரம். முன் சீட்டில் அம்மா. பின்னால் சித்தியும் அவவின் பேரனும். கோட்டைக்குள் இருக்கிற அந்த இறக்கத்தைத் திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடைகள். கடைக்கு முன்னால் விளையாட்டுச் சாமானைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள், அவர்களை இழுக்கிற தாய்மார், அர்ச்சனைப் பையோடு வீதியின் நடுவிலேயே கதைத்துக்கொண்டு போகிற பெரியவர்கள். போதாதற்கு மான்கள். கோட்டை மான்களுக்கு வாகனப் பயம் கிடையாது, நினைத்த இடத்தில் கடக்கும். வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர் இருக்கும், அதற்கு மேல் அங்கே ஒருவரும் ஓட்டமாட்டார்.

மெதுவாகத்தான் பிரேக்கில் காலை வைத்தேன். முதலில் வழமைபோலப் பிடித்தது. அடுத்த கணம் பஸர் கத்தத் தொடங்கியது, விடாமல், ஒரே சத்தமாக. சிவப்பு பிரேக் லைட், சில்லு இறுகி வழுக்காமல் காக்கிற ஏபிஎஸ்ஸின் லைட், அதற்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் லைட், எல்லாம் ஒன்றாக எரிந்தன. பெடல் வழமையைவிட ஆழமாகப் போய் அங்கேயே இறுகி நின்றது. கார் நிற்கவில்லை. முன்னால் ஒரு வேன், ஆட்களை ஏற்றுவதற்காக நிற்கிறது. அதன் பின்கதவைத் திறந்து ஒரு பெண் பிள்ளையைத் தூக்கி ஏற்றுகிறாள். அவளுக்கும் என் காருக்கும் இடையில் இருந்தது ஒரு ஓட்டோ நிற்கிற அளவு இடம்.

இரண்டு காலையும் பெடலில் வைத்தேன். முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் காலில் போட்டு அழுத்தினேன். கார் வேகம் குறைகிறது, ஆனால் இன்னும் போகிறது. கியரை ‘B’க்குத் தட்டினேன், இயந்திரம் பிடித்து இழுக்குமே, அந்த ‘B’. அதுவும் போதவில்லை. இடது காலை எடுத்து பார்க்கிங் பிரேக்கை மிதித்தேன். பின் சில்லு கிறீச்சிட்டு, கார் ஒரு பக்கம் இழுத்து, நின்றது. வேனுக்கும் எனக்கும் இடையில் ஒரு சாண் இருந்ததோ என்னவோ. அந்தப் பெண் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அவளுடைய பிள்ளை அவள் தோளில் இருந்தது.

அம்மா சொல்கிறா: “ஏன் தம்பி இப்பிடி அடிச்சுப் பிடிக்கிறாய்?”

நான் பதில் சொல்லவில்லை. வாய் வரவில்லை. கடையில் நின்ற ஐயா ஒருவர் ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல், முன் சில்லுக்குக் கீழே ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. ஸ்கேன் மெஷின் வைத்திருக்கிறவனுக்கு விளங்காதது கடைக்கார ஐயாவுக்கு விளங்கியது.

காரைக் கெரியரில் ஏற்றிக் கராஜுக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் தொலைபேசி வந்தது: “ரெடி அண்ணை.” என்ன பிழை? “சென்சர் கோளாறு.” எந்த சென்சர்? “பிரேக் சென்சர்.” என்ன மாற்றினீர்கள்? “மாத்தத் தேவையில்லை, கோட் அழிச்சால் சரி.” அதை நம்பி எடுத்துக்கொண்டு வந்தவன், அனுராதபுரச் சந்தியில் திரும்பவும் அதே பஸரைக் கேட்டேன். திரும்பவும் கொண்டுபோய் விட்டேன். அதற்கும் இன்று கிடைத்த மறுமொழி, இந்தப் பதிவின் முதல் வரி.

இனிக் கேளுங்கள், இந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று. இதைத் தெரியாமல் வேலைக்குக் கை வைக்கிறவர்கள்மீதுதான் எனக்குக் கோபம்.

பழைய பெற்றோல் காரில் பிரேக்குக்கு உதவி இயந்திரத்தின் உறிஞ்சலிலிருந்து வரும். ஹைபிரிட்டில் இயந்திரம் நின்று நின்று ஓடுவதால் அதை நம்ப முடியாது. அதனால் பல மொடல்களில் ஒரு மின்சாரப் பம்ப் பிரேக் ஒயிலை அமுக்கி, அக்யூமுலேட்டர் என்கிற சின்ன உருளைக்குள் சேமித்து வைக்கும். சாரதிக் கதவைத் திறந்தவுடன் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, பம்ப் அமுக்கத்தை ஏற்றுகிற சத்தம் அது. நீங்கள் பெடலை மிதித்தால் கம்பியூட்டர் அதை அளந்து, கொஞ்சத்தை மோட்டரைக் கொண்டு இழுத்துப் பிடித்து, அதில் வருகிற மின்சாரத்தைப் பற்றரிக்குள் அனுப்பும், மிச்சத்தை இந்தச் சேமித்த அமுக்கத்தால் பிடிக்கும். அந்த அமுக்கம் உள்ளே கசிந்துபோனாலோ, பம்ப் செத்தாலோ, உதவி இல்லை. நேரடியாக உங்கள் காலின் பலம் மட்டும்தான். அதுவும் பல மொடல்களில் முன் சில்லுகளுக்கு மட்டும். இரண்டு காலால் மிதித்தும் கார் ஏன் நிற்கவில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

உள்ளே கசிகிறதா என்று பார்க்க மந்திரம் தேவையில்லை. காரை ரெடி நிலையில் வைத்து, பெடலைத் தொடாமல் இருந்து கேட்டாலே போதும். சில செக்கனுக்கு ஒருமுறை பம்ப் தானாக ஓடினால் அமுக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. ஸ்கேன் மெஷினில் அக்யூமுலேட்டர் அமுக்கத்தை எண்ணாகவே பார்க்கலாம். 12 வோல்ட் பற்றரி பலவீனமாக இருந்தாலும் இந்த லைட்டுகள் வரலாம், ஆகவே அதையும் அளக்க வேண்டும். ஒயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம். ஒன்றும் செய்யவில்லை. பொத்தானை அமத்தினான்.

எல்லாவற்றிலும் கொடுமை இது: பிழை நடந்த நேரத்தில் வேகம் என்ன, அமுக்கம் என்ன, வோல்ட் என்ன என்று கம்பியூட்டர் குறித்து வைத்திருக்கும். கோட் நம்பரை அழித்தால் அந்தக் குறிப்பும் சேர்ந்து அழியும். கோட்டை இறக்கத்தில் என் அம்மாவின் உயிரும் அந்தப் பிள்ளையின் உயிரும் தப்பிய கணத்தின் பதிவு காருக்குள் இருந்தது. அதைப் பார்க்காமலேயே அழித்துவிட்டார்கள். அடுத்த கராஜுக்குக் கொண்டுபோனால் அவன் எதைப் பார்ப்பான்? நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவர் கோட் நம்பரை முதலில் எழுதி வைப்பார், அல்லது போனில் படம் எடுத்து உங்களுக்கே அனுப்புவார். அப்படியானவர்களும் இங்கே இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களிடம் கார் விட வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பிரேக் ஒயில் கதை தனிக்கதை. பழைய முறையில் ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க, மற்றவர் சில்லடியில் நட்டைத் திறந்து காற்று எடுப்பார்கள். இந்தப் பிரேக்கில் ஸ்கேன் மெஷினால் பம்பை ஓடவைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே காற்று நிற்கும். அப்படியும் எத்தனை பேர் பழைய முறையிலேயே செய்துவிட்டு “பெடல் கொஞ்சம் சொஃப்ற், ஹைபிரிட் அப்பிடித்தான்” என்று அனுப்புகிறார்கள்! இன்னொன்று, பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்கிற வகை ஒயில் புதிதாக 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அதன் தரம். ஈரம் ஏறினால் அந்த அளவு 140க்கு இறங்கும். மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊரில், உப்புக் காற்றில், வருடக்கணக்கில் ஒயில் மாற்றாமல் ஓடுகிற கார்கள் எத்தனை? ஹைபிரிட்டில் பிரேக் பேட் சீக்கிரம் தேயாது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். தேயாததால் ஒருவரும் சில்லைக் கழற்றிப் பார்ப்பதில்லை. உள்ளே, பேட்டை அமுக்குகிற கலிப்பரின் ‘பின்’ ஊசி துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும்.

“ஹைபிரிட் அப்பிடித்தான்” என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. தயாரித்தவர்களே அப்படிச் சொல்லவில்லை. 2010 பெப்ரவரியில் டொயோட்டா, பிரியஸ் உட்பட உலகம் முழுவதும் ஏறத்தாழ 437,000 ஹைபிரிட் கார்களை ஏபிஎஸ் மென்பொருளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தது. குண்டும் குழியுமான, வழுக்கலான வீதியில் பிரேக் ஒரு கணம் பிந்திப் பிடிக்கிறது என்ற முறைப்பாடுகள் வந்த பிறகு அது நடந்தது. 2013இல் இன்னும் ஏறத்தாழ 242,000 கார்கள். அந்த முறை காரணம் அக்யூமுலேட்டரே. உள்ளே வெடிப்பு வந்து நைட்ரஜன் வாயு பிரேக் ஒயிலுக்குள் கசியலாம், பெடல் ஆழமாகப் போகலாம் என்றார்கள். என் கார் வேறு, அந்தப் பட்டியலில் இல்லை. நான் சொல்வது என்னவென்றால், ஒரு கணம் பிந்துவதையே பிழை என்று ஒத்துக்கொண்டு லட்சக்கணக்கான காரைக் கூப்பிட்டுத் திருத்துகிறார்கள். இங்கே கார் நிற்கவே இல்லை என்று சொன்னால் “பழகிப்போகும்” என்கிறார்கள்.

இங்கே இலங்கையில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி முடித்த ரீகண்டிஷன் கார்கள். அந்த நாட்டில் திரும்ப அழைக்கிற கடிதம் அங்கே பதிவான சொந்தக்காரருக்குப் போகும். கார் கப்பலேறி இங்கே வந்தபின் உங்களுக்கு யார் கடிதம் போடுவார்? விற்றவர் சொல்லமாட்டார். நாங்களாக செசி நம்பரைக் கொண்டு தேடினால்தான் உண்டு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தார்கள். அத்தனை வருடமும் இருந்த காரையே எல்லோரும் இழுத்து ஓட்டினோம். கார்கள் கிழடாகிவிட்டன. புதுப் பம்ப் தொகுதியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பாவித்த தொகுதி வாங்கினால், அதுவும் இதே வயதுக் காரிலிருந்து கழற்றியதுதான்.

அரசாங்கம் என்ன செய்கிறது? வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம். 2008இலிருந்து இது நடக்கிறது. நல்லது, நடக்கட்டும். அந்த இடத்துக்குக் காரைக் கொண்டுபோய், வரிசையில் நின்று, குழாய்க்குள் கம்பியை விட்டு அளந்து முடிகிறவரை காத்திருக்கிறோம். அதே இடத்தில் இரண்டு உருளையைப் பதித்து, நாலு சில்லும் பிடிக்கிறதா என்று பார்க்க முடியாதா? தனியார் காருக்குப் பிரேக் பரிசோதனை இல்லை. பிரேக் இல்லாத கார் ஒன்று புகை சுத்தமாக இருக்கிறது என்ற சான்றிதழோடு சட்டப்படி கோணேசர் கோயில் இறக்கத்தில் வரலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நாளைக்குக் காரை வேறு இடத்துக்குக் கெரியரில் அனுப்புகிறேன். ஓட்டிக்கொண்டு போகமாட்டேன். தூரம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வீட்டில் கேட்கிறார்கள். எவ்வளவு என்றாலும் சரி. உங்களுக்கும் சொல்கிறேன்: பிரேக் பஸர் கத்தினால் வீடுவரை மெல்லப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரத்தில் நிறுத்துங்கள். கோட் நம்பரைக் காட்டாமல் அழிக்கிற ஆளிடம் திறப்பைக் கொடுக்காதீர்கள். “என்ன கோட், எழுதித் தா” என்று கேளுங்கள். சண்டை வந்தால் வரட்டும்.

அதோடு, பிரேக் பற்றிப் பேச வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சுக்குள் கனநாளாகக் கிடக்கிறது. நிலாவெளி வீதியில் இரவில் நடு ரோட்டில் மாடு படுத்திருக்கிறதே, அதற்கு ஒரு சொந்தக்காரர் இல்லையா? வெளிச்சம் இல்லை, மாடு கறுப்பு, மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளைகள் அதன்மேல் போய் விழுகிறார்கள். விழுந்த அன்று மாடு அநாதை. விடிந்தால் அதே மாட்டைத் தேடிப் பால் கறக்க வாளியோடு ஆள் வருகிறார். ஐயா, கறக்கத் தெரிகிற உங்களுக்குப் பின்னேரத்தில் ஒரு கயிறு போட்டுக் கட்டத் தெரியாதா?