வலைப்பூ எழுத்து என்றால் அவ்வளவு இளக்காரமா?

சென்ற வாரம் ஒரு நூல் வெளியீட்டு விழா. பேசவந்தவர் தொகுப்பைத் தூக்கிப் பிடித்து, "இது வலைப்பூ எழுத்து அல்ல, இலக்கியம்" என்றார். கூட்டம் கைதட்டியது. ஐந்து ஆண்டுகள் வலைப்பூ எழுதியவன் கடைசி வரிசையில் சமோசாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, கவர்னர் கோபித்தார், கடைவீதியில் இன்ன வதந்தி என்று தேதி போட்டு, பேச்சு வழக்கு கலந்த தமிழில். எழுதச் சொன்னவரும் இல்லை, திருத்தியவரும் இல்லை. இன்று தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை ஒதுக்கிவிட்டுப் போக முடிவதில்லை. அன்றாடச் சங்கதி, செம்மை செய்யாத மொழி, ஆசிரியர் கைபடாத எழுத்து என்று வலைப்பூவின் மேல் சொல்லும் குற்றமெல்லாம் அவர் மேலும் உண்டு.

ஆனால் அவருக்குப் பின்னூட்டம் வரவில்லை. எங்களைக் கெடுத்தது அதுதான். வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தின் முகப்பில் என் தலைப்பு மேலே நிற்க வேண்டும் என்பதற்காகவே படம் பார்த்த இரவே விமர்சனம் எழுதியிருக்கிறேன், தெரியாத விஷயத்தில் சண்டை போட்டிருக்கிறேன். பின்னூட்டத்தில் கும்மியடிப்பது என்றே அதற்குப் பெயர். அவற்றை இன்று எனக்கே படிக்கச் சகிக்கவில்லை. அவை இலக்கியமா என்று கேட்டால் நானும் அந்தப் பேச்சாளரோடு சேர்ந்து கைதட்டுவேன்.

ஒரே ஒரு பதிவு மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவர் எழுதியது. அப்பா இறந்து மூன்றாம் நாள்தான் ஊர் வந்து சேர்கிறார். கொடியில் காயும் அப்பாவின் சட்டையை யார் எடுப்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பதிவு அவ்வளவுதான். கதையும் இல்லை, திருப்பமும் இல்லை. எந்தப் பத்திரிகையும் வாங்கியிருக்காது. எழுதியவரும் அதை இலக்கியம் என்று நினைத்திருக்க மாட்டார். நான் நினைக்கிறேன்.

பிள்ளையின் குறிப்புகள் தாளில் இருந்தன. 1846-ல் ஒரு பிரெஞ்சுக்காரரால் கண்டெடுக்க முடிந்தது. 2009-ல், இலவசமாக இணையப் பக்கம் தந்த ஜியோசிட்டீஸை மூடியபோது எத்தனை பேருடைய பக்கங்கள் போயின! அந்தச் சட்டைப் பதிவைத் தேடினேன். பக்கம் இல்லை என்று வருகிறது.

பழைய வலைப்பூவின் கடவுச்சொல் நினைவிருப்பவர்கள் இன்றே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அந்தப் பதிவை யாராவது சேமித்து வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள்.