மரீனா அப்ரமோவிச் சுட்டுக் கொல்லப்படவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. ‘6 மணி நேரம் அசையாமல் நின்ற கலைஞரைப் பார்வையாளர்களே சுட்டுக் கொன்றார்கள், காவடியும் இப்படித்தான்’ என்கிறது அது. இரண்டுமே தவறு.

நடந்தது 1974-இல், இத்தாலியின் நேப்பிள்ஸில். தன் உடலையே கலைக்குப் பயன்படுத்தும் செர்பியக் கலைஞர் மரீனா அப்ரமோவிச்சின் ‘ரிதம் 0’ என்ற நிகழ்வு. மேசையில் ரோஜா, தேன், கத்தரிக்கோல் முதல் துப்பாக்கி, ஒரு தோட்டா வரை 72 பொருள்கள். எதையும் என்மேல் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது என்று மரீனா எழுதி வைத்திருந்தார். முதலில் பூ கொடுத்தார்கள். அப்புறம் உடையை வெட்டினார்கள், கழுத்தைக் கீறினார்கள், முள்ளால் குத்தினார்கள். ஒருவர் தோட்டா போட்ட துப்பாக்கியை மரீனாவின் கையிலேயே கொடுத்து, அவர் கழுத்துக்கு நேரே திருப்பினார். கூட்டத்தில் மற்றவர்கள் பாய்ந்து தடுக்க, கைகலப்பே வந்துவிட்டது. தடுத்த அந்த மனிதர்களை இந்தப் பொய் இல்லாமலே ஆக்கிவிடுகிறது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

காவடியா? விரதமிருந்து வரும் பக்தர், பழகிய கைகளிடம்தான் அலகு குத்திக்கொள்கிறார். முன்பின் தெரியாதவர்களிடம் உடலை ஒப்படைப்பதில்லை.

மரீனா அன்று சாகவில்லை; 2010-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் 700 மணி நேரத்துக்கு மேல் பார்வையாளர்கள் எதிரே பேசாமல் உட்கார்ந்திருந்தார்.