நின்றுகொண்டிருந்த வண்டி எப்படி ‘திடீரென்று’ நிற்கும்?

முப்பது சதவீதம் என் மேல் தவறாம். இடித்தவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து நேற்று மதியம் வந்த மின்னஞ்சலில் அப்படித்தான் இருக்கிறது. போன மாதம் சிக்னலில் நின்றிருந்த என் காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்ததை இங்கேயே எழுதியிருந்தேன், அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் நின்றுகொண்டிருந்தேன். சிக்னல் சிவப்பு. எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள், அவையும் நின்றுகொண்டிருந்தன. பிரேக்கில் காலை வைத்தபடி பின் சீட்டில் இருந்த அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த இடி.

‘முன்னால் சென்ற வாகனம் திடீரென்று நிறுத்தப்பட்டதால்’ என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வரியை நேற்றிலிருந்து எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ஏனென்றால் இடித்த அன்று ரோட்டில் இறங்கி வந்து, என் முகத்தைப் பார்த்து, “சாரிங்க, கவனிக்கல, போனைப் பார்த்துட்டேன்” என்று சொன்னவரும் இவர்தான். கை நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்கு. நான்தான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவர் சொன்னதை எழுதி வாங்க வேண்டும் என்றோ பதிவு செய்ய வேண்டும் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை. தவறை ஒப்புக்கொண்டு நிற்கிற மனிதரிடம் போய் அதைக் கேட்பதா என்றுதான் இருந்தது. அன்று கேட்காததற்குத்தான் இந்த முப்பது சதவீதம்.

சரி, அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நான் ஓடிக்கொண்டிருந்தேன், சட்டென்று பிரேக் அடித்தேன் என்றே இருக்கட்டும். அப்போதும் தவறு யாருடையது? 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: முன்னால் போகும் வண்டி திடீரென்று வேகத்தைக் குறைத்தாலோ நின்றாலோ மோதாமல் இருக்கும் அளவுக்குப் பின்னால் வருபவர் இடைவெளி விட வேண்டும். ‘திடீரென்று’ என்பதற்காகத்தானே அந்த விதியே! முன்னால் போகிறவர் நிதானமாக, சொல்லிவிட்டு நிற்பார் என்றால் இடைவெளி எதற்கு? ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் நான் பிரேக் போடக் கூடாதா?

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த ஒரு நொடி போய்விடும். அதனால்தான் குறைந்தது இரண்டு நொடி இடைவெளி விடு என்று ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். பின் கண்ணாடியின் உயரத்தில் மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கு எரிகிறதே, அது அழகுக்கு வைத்ததில்லை. பின்னாலிருந்து இடிப்பதைக் குறைப்பதற்காகவே அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து அதைக் கட்டாயமாக்கினார்கள். அன்று என் வண்டியில் மூன்று விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நான் பிரேக்கை மிதித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு, “எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினால் ஒரு வாரத்தில் முடியும், நீங்கள்தான் பெரிதாக்குகிறீர்கள்” என்று சிலர் சொல்வீர்கள். போட்டோ எடுத்தேன். வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பே, நான்கு பக்கமும். ஆனால் போட்டோவில் என்ன தெரியும்? பம்பர் என்று நாம் பார்ப்பது மேலே போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் உறை மட்டும்தான். அது அமுங்கி, திரும்ப எழும்பிவிடும். உள்ளே இடியை வாங்கும் நுரைத்துண்டும், அதற்குப் பின்னால் உலோகச் சட்டமும் இருக்கின்றன. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் போட்டோவைப் பார்த்தே ‘மேலோட்டமான கீறல்’ என்று எழுதிவிட்டார். ஒர்க்ஷாப்பில் உறையைக் கழற்றிய பிறகுதான் சட்டம் வளைந்திருப்பதும் டிக்கியின் அடித்தகடு சுருங்கியிருப்பதும் தெரிந்தது. அப்புறம் இரண்டாவது எஸ்டிமேட், இரண்டாவது சர்வே, மறுபடி காத்திருப்பு. அந்த நாட்களில் நான் அலுவலகம் போனது, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனது எல்லாம் வாடகை வண்டியில்தான். அந்தச் செலவு எந்தப் படிவத்திலும் ஏறவில்லை.

என் சொந்தக் கம்பெனியைக் கேட்டேன். “எங்களிடம் கிளெய்ம் பண்ணுங்கள் மேடம், பிறகு அவர்களிடம் நாங்கள் வசூலித்துக்கொள்கிறோம்” என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாலிசியில் உள்ளபடி முதல் பங்கு என் கையிலிருந்து போகும். மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். பல வருடம் கவனமாக ஓட்டிச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் பண்ணாததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியும், போகும். அதாவது சிவப்பு விளக்குக்கு ஒழுங்காக நின்றதற்கு அபராதம் கட்டுவது நான். சரி, அவர் கம்பெனியிலேயே கேட்கிறேன் என்று போனால், அங்கே முதலில் கேட்ட கேள்வி: “நீங்கள் ஏன் பிரேக் போட்டீர்கள் மேடம்?” நான் பிரேக் போடவில்லை ஐயா, நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வாரம் வேறொருவர் கூப்பிட்டார். அதே கேள்வி. மூன்றாமவர், “வீட்டில் சார் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்களேன்” என்றார். வண்டி என் பெயரில் இருக்கிறது. பாலிசி என் பெயரில் இருக்கிறது. ஓட்டியது நான். வீட்டில் எந்த சாரிடம் கொடுப்பது?

பொய் கிளெய்ம் போடுகிறவர்கள் இருப்பதால் கம்பெனிகள் சந்தேகப்படத்தான் செய்யும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமென்றே பிரேக் அடித்து இடிக்க வைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருப்பது உண்மைதான். விசாரிக்கட்டும். ஆனால் விசாரிப்பதென்றால் இரண்டு பக்கமும் விசாரிக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்த ஒரு வரியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் மூன்று முறை கேட்டார்கள்.

“உயிர் பிழைத்ததே பெரிது, தகரத்துக்குப் போய் ஏன் இப்படி” என்கிறவர்களுக்குத்தான் உண்மையில் இதை எழுத உட்கார்ந்தேன். என் பெரியப்பா மகனே அப்படித்தான் சொன்னான். விட்டுவிடு அக்கா, மனநிம்மதி முக்கியம் என்றான். நிம்மதி முக்கியம்தான். ஆனால் எனக்குப் போனது தகரம் மட்டும் என்று யார் சொன்னது? இடித்த அன்று அம்மா ஒன்றுமில்லை என்றார். அடுத்த நாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. விப்லாஷ் என்றார் டாக்டர். பின்னாலிருந்து இடி விழும்போது உடம்பு சீட்டோடு முன்னே தள்ளப்படும், தலை ஒரு கணம் பின்தங்கி, பிறகு முன்னால் வீசப்படும். கழுத்தின் தசையும் தசைநாரும் அதில் இழுபடுகின்றன. வலி பல மணி நேரம் கழித்தும், அடுத்த நாளும் தொடங்கலாம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், இது தெரியாது.

“எக்ஸ்ரே நார்மல்” என்று இடித்தவருடைய கம்பெனி ஒரே வரியில் முடித்துவிட்டது. இந்தக் காயத்தை வகைப்படுத்தி 1995இல் கனடாவின் கியூபெக் பணிக்குழு வெளியிட்ட அட்டவணையில், வலியும் விறைப்பும் மட்டும் இருந்து, பரிசோதனையில் வேறு அறிகுறி எதுவும் தென்படாத நிலைக்கென்றே ஒரு படிநிலை இருக்கிறது. படத்தில் தெரியாவிட்டால் வலியே இல்லை என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. அதற்குள் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று ஒரு தாளை அனுப்பிக் கையெழுத்து கேட்டார்கள், விபத்து நடந்து ஐந்தாம் நாள்! அம்மாவால் கழுத்தைத் திருப்பக்கூட முடியாத நாள் அது. கையெழுத்துப் போட்டிருந்தால் பிறகு எது கேட்டாலும் அந்தத் தாளைத்தான் காட்டியிருப்பார்கள். தயவுசெய்து யாரும், உடம்பு என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியும்முன் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒருமுறை நானும் இடித்திருக்கிறேன். இதை இங்கே எழுதியதில்லை. வண்டி ஓட்டத் தொடங்கிய இரண்டாம் வருடம், மழையில், முன்னால் போன பைக்கின் பின்சக்கரத்தில் மோதிவிட்டேன். வயதானவர், விழுந்து முழங்கையில் காயம். அவர் சட்டென்று நிறுத்தினார் என்பது உண்மை. ஆனால் நான் ஒட்டிக்கொண்டு போனேன் என்பதும் உண்மை. அப்பா வந்ததும் முதலில் என்னைத் திட்டவில்லை. “அவர்கிட்ட போய் உன் தப்புன்னு சொல்லு, அப்புறம் பேசலாம்” என்றார். சொன்னேன். படிவத்திலும் அப்படியே எழுதினேன். தையல் பிரிக்கிற வரைக்கும் அப்பாவும் நானும் அவர் வீட்டுக்குப் போய் வந்தோம். அதனால், “அவரும் மனுஷன்தானே, பயத்தில் எழுதியிருப்பார்” என்று சொல்லாதீர்கள். எனக்கும் அன்று பயம்தான். இருபத்து மூன்று வயது.

பணத்தைக்கூட விடுங்கள். ஐந்து வாரத்தில் அவர் ஒரு போன் செய்யவில்லை. என் எண் அவரிடம் இருக்கிறது, நானே எழுதிக் கொடுத்தது. பின் சீட்டில் அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தார். இப்போது ஒவ்வொரு சிக்னலிலும் அம்மா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் திருப்பிப் பின்னால் பார்க்கிறார், வலியோடு. நேற்று மின்னஞ்சலைப் படித்துச் சொன்னபோதும் சதவீதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தத் தம்பி நாம நின்னுட்டிருந்தோம்னு சொல்லலையாடி?” என்றுதான் கேட்டார்.

ஆட்சேபணைக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். போட்டோக்கள், ஒர்க்ஷாப்பின் இரண்டு எஸ்டிமேட்டுகள், டாக்டர் சான்று எல்லாம் சேர்த்துத் திங்கட்கிழமை அனுப்புகிறேன். எந்த சிக்னல், எத்தனை மணி என்பது போன பதிவில் இருக்கிறது. அன்று அங்கே நின்றிருந்த யாருடைய வண்டியிலாவது கேமரா இருந்தால், எதிர்ப்பக்கம் நின்றிருந்தாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். பத்து நொடி இருந்தாலும் போதும்.