ஹோர்ட்டன் சமவெளி என்றால் உலக முடிவு மட்டும்தானா?

லீவு வந்தால் போதும், முகநூல் முழுக்க ஒரே படம். நுவரெலியாப் பக்கம் ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கிற உலக முடிவு (World's End) என்ற மலை விளிம்பு, விரித்த கைகள், பின்னால் வானம். எண்ணூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் மலை, பார்க்க வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் விடியமுன் வாகனத்தில் வந்து, ஒன்பது மணிக்குள் படம் பிடித்துவிட்டு, “மூட்டம் வந்துட்டு, இனி ஒண்டும் தெரியாது” என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

அந்த மூட்டத்தால்தான் அங்கே காடே நிற்கிறது. 2,100 மீட்டருக்கு மேல் காற்றில் வரும் முகிலை மரங்கள் பிடித்துக்கொள்கின்றன. கீன மரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். குடை மாதிரித் தட்டையான தலை, முறுகிய கொப்பு, கொப்பெல்லாம் பாசி. மழையே இல்லாத காலையிலும் அந்தப் பாசியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அது புல்வெளிப் பள்ளங்களின் சதுப்பில் ஊறி, மெல்ல மெல்ல ஓடையாக வெளியே வருகிறது. அக்ரா ஓயா மகாவலிக்குப் போகிறது, பெலிஹுல் ஓயா வளவைக்கு, பொகவந்தலாவைப் பக்கம் இறங்குவது களனிக்கு. திருகோணமலையில் கடலில் விழுகிற ஆற்றுக்கும், கொழும்பில் குழாயில் வருகிற தண்ணீருக்கும், உடவளவை வயலுக்கும் தலைநீர் இந்தச் சமவெளியின் 3,160 ஹெக்டேயருக்குள்ளும் அதன் ஓரத்திலும்தான்.

இனி வரலாறு. “வெள்ளைக்காரன் இருந்ததால காடு தப்பிச்சுது” என்று சொல்லாத ஆள் இல்லை. பாதி உண்மை. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை சொன்னார், ஐயாயிரம் அடிக்கு மேல் காட்டை வெட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. சரி. அதற்குக் கீழே இருந்த காட்டுக்கு என்ன நடந்தது? கோப்பிக்காக மலை மலையாக வெட்டித் தள்ளியாகிவிட்டது. தோட்டத்தில் நட்டவர்கள், வழியிலேயே செத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி படுத்தது, அதே சரிவில் தேயிலை ஏறியது. கீழே தோட்டம் பிழைக்க மேலே தண்ணீர் வேண்டும். அந்த உத்தரவில் காட்டின் மேல் பாசத்தைவிட இந்தக் கணக்குத்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். வில்மட் ஹோர்ட்டன் என்ற தேசாதிபதியின் பெயரில் சமவெளி, துரை ஒருவர் பெயரில் ஃபார் இன் என்ற பழைய விடுதி, வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் பெயரில் நீர்வீழ்ச்சி. உலக முடிவிலிருந்து குனிந்து பார்த்தால் தெரிகிற நன்பேரியல் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் பெயரில் ஒரு கல்லும் கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு நாங்களும் ஒன்றும் பெரிதாகக் கிழிக்கவில்லை. 1960களில் அந்தப் புல்வெளியை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள். 1969இல் சரணாலயமாக்கி, 1988இல்தான் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 2010இல் சிவனொளிபாத மலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

பட்டியல் இருக்கட்டும். காடு நின்றபடியே பட்டுக்கொண்டிருக்கிறது. பாதையில் நடக்கும்போதே வெள்ளையாய்க் காய்ந்து நிற்கும் மரங்களைக் காணலாம், கீனதான் கூட. வறட்சி என்கிறார்கள், காற்று மாசு என்கிறார்கள், மண் கெட்டுவிட்டது என்கிறார்கள், முடிவாக ஒரு காரணம் அகப்படவில்லை. அழிந்தே போனதென்று நினைத்த தேவாங்கு வகை ஒன்றை 2009இல் இந்தக் காட்டில்தான் படம் பிடித்தார்கள். இப்படியான உயர்ந்த மலைக்காட்டை விட்டால் அதற்கு இருக்க வேறு இடம் கிடையாது.

நாங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அதையாவது செய்யலாமே. வாசலில் பொலித்தீனை வாங்கி வைத்தால் உத்தியோகத்தரோடு மல்லுக்கட்டாதீர்கள். பாதையோரம் நிற்கிற மரைக்குப் பாண் நீட்டாதீர்கள், பாணுக்குப் பழகியது பையையும் சேர்த்துத்தான் விழுங்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கட்டுப்பாடு வந்தால், நுவரெலியா ஹோட்டல்காரர் கத்தினாலும் நான் ஆதரிப்பேன். மூட்டம் இறங்கினால் வாகனத்துக்கு ஓடாமல் ஒரு அரை மணித்தியாலம் நில்லுங்கள். சட்டை நனையும், பரவாயில்லை.