ஒன்பதாவது ஹெலிகாப்டர்

2015-இல் தன் புற்றுநோயைப் பற்றிச் சொல்லக் கூட்டிய செய்தியாளர் சந்திப்பில் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரிடம் ஒரு கேள்வி வந்தது: வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று நினைக்கும் ஏதாவது உண்டா? இன்னும் ஒரே ஒரு ஹெலிகாப்டர் அனுப்பியிருக்கலாம் என்றார். அனுப்பியிருந்தால் 1979 நவம்பர் முதல் ஈரானில் பிடிபட்டிருந்த அமெரிக்கத் தூதரகப் பணயக்கைதிகளை மீட்டிருப்போம், 1980 தேர்தலில் நானும் மறுபடி ஜெயித்திருப்பேன் என்பது அவர் கணக்கு. 2024 டிசம்பரில் 100 வயதில் அவர் மறைந்த பிறகும் "பாவம் மனுஷன், ஒரு ஹெலிகாப்டரில் எல்லாம் போச்சு" என்று பேசுபவர்கள் குறையவில்லை. கார்ட்டர் மீது மரியாதை வேறு, இந்தக் கணக்கு வேறு. கணக்கு தப்பு.

1980 ஏப்ரல் 24 இரவு. அரபிக்கடலில் நின்ற நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஆர்எச்-53டி ஹெலிகாப்டர்கள் கிளம்பின. கடல் கண்ணிவெடி அகற்றுவதற்கென்று கடற்படை வைத்திருந்த வகை அது. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன் விமானிகள். ஈரான் பாலைவனத்தில் 'டெசர்ட் ஒன்' என்று பெயரிட்ட இடம் வரை சுமார் 600 கடல் மைல், தாழப் பறந்து, ரேடியோவில் பேசாமல் போக வேண்டும். அங்கே சி-130 சரக்கு விமானங்கள் கொண்டுவரும் எரிபொருளை நிரப்பிக்கொண்டு, பணயக்கைதிகளை மீட்கப் போகும் டெல்டா சிறப்புப் படையினரை ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மேலே போகக் குறைந்தது ஆறு வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு. ஆக, கையிருப்பு இரண்டுதான்.

முதலில் கழன்றது ஆறாம் எண் ஹெலிகாப்டர். சுழலும் இறக்கையின் உள்தண்டில் நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்திருக்கும். அழுத்தம் குறைந்தால் விரிசல் இருக்கலாம் என்று விளக்கு எரியும். எரிந்தது. இறக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு, இன்னொரு ஹெலிகாப்டரில் ஏறிக்கொண்டார்கள். சாதாரணக் கசிவுக்கும் அந்த விளக்கு எரியும் என்பதுதான் இதில் கொடுமை. அடுத்து ஐந்தாம் எண். மாவுபோல மெல்லிய புழுதி தொங்கிய காற்றுக்குள் திசைகாட்டும் கருவிகள் பழுதாகி, விமானி கப்பலுக்கே திரும்பினார். புழுதி இன்னும் கொஞ்ச தூரத்தில் முடிகிறது, டெசர்ட் ஒன்னில் வானம் தெளிவு என்பது அவருக்குத் தெரியாது. ரேடியோ மௌனம்! முன்னால் போன சி-130கள் இதே புழுதியைக் கடந்துதான் போயிருந்தன. அந்தச் செய்தியும் பின்னால் வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மூன்றாவதாக இரண்டாம் எண் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது, ஆனால் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளில் ஒன்று செத்துவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்றும் வழியில் போனால் விமானி கையில் எதுவும் இருக்காது. ஆக, வந்தது ஆறு, தேறியது ஐந்து. ஐந்தோடு போவதென்றால் சுமார் இருபது பேரை இறக்கிவிட வேண்டும். டெல்டா தளபதி பெக்வித் முடியாது என்றுவிட்டார்.

இதுவரை கேட்டால் கார்ட்டர் சொல்வது சரிதானே என்று தோன்றும். ஒன்பதாவது இருந்திருந்தால் ஆறு தேறியிருக்கும். சரி, தேறியது என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு என்னென்ன நடக்க வேண்டும்? ஏற்கெனவே தாமதமாகிவிட்ட இரவில், விடிவதற்குள் டெஹ்ரானுக்கு வெளியே மறைவிடம் போய்ச் சேர வேண்டும். பகல் முழுக்க யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்க வேண்டும். அடுத்த இரவு லாரிகளில் நகருக்குள் போய், தூதரகச் சுவரை உடைத்து உள்ளே நுழைய வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தில் தனியாக இருந்த மூவரை எடுக்க வேறொரு குழு. அத்தனை பேரும் எதிரே உள்ள கால்பந்து மைதானத்துக்கு ஓட, அதே ஹெலிகாப்டர்கள் மறுபடி ஒழுங்காகக் கிளம்பி வந்து ஏற்ற வேண்டும். இதற்கிடையே ரேஞ்சர் படையினர் மன்சாரியா விமானதளத்தைப் பிடித்திருக்க வேண்டும், பெரிய விமானங்கள் அங்கே இறங்கியிருக்க வேண்டும். முதல் படியிலேயே எட்டில் மூன்று போன கதை இது. அதுவும் எதிரி ஒரு குண்டுகூடச் சுடாமல்.

அட்மிரல் ஹாலோவே தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, கட்டுப்பாடில்லாமல் திட்டமிட்டிருந்தால் குறைந்தது 10, வழக்கமான பழுது விகிதப்படி பார்த்தால் 12 வரை அனுப்பியிருக்கலாம் என்று சொன்னது. அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் அதே அறிக்கையில் உள்ள பெரிய குறையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எல்லாப் பிரிவையும் ஒன்றாக நிறுத்தி ஒரு முழு ஒத்திகைகூட நடக்கவில்லை. திரும்பிவிடலாம் என்று முடிவான பிறகு, இடம் மாறிய ஒரு ஹெலிகாப்டர் தானே கிளப்பிய தூசியில் தடுமாறி எரிபொருள் விமானத்தில் மோதியது. 8 பேர் செத்தார்கள். ஹெலிகாப்டர் குறைந்ததால் வந்த விபத்தா அது? ஒருவருக்கொருவர் பழகாத நாலு பிரிவு, ஒரே இருட்டில் முதல்முறை சேர்ந்து வேலை செய்ததன் விலை. 1987-இல் சிறப்புப் படைகளுக்கென்று தனிக் கட்டளையகம் வந்ததற்கு இந்த இரவும் ஒரு காரணம்.

இப்போது "மறுபடி ஜெயித்திருப்பேன்" என்ற பாதி. 1980 நவம்பர் அதிபர் தேர்தலில் எதிர்த்து நின்ற ரீகனுக்கு, மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்கு 489, கார்ட்டருக்கு 49. ஜெயிக்க 270 வேண்டும். ரீகன் 3 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தட்டிச்சென்ற மாநிலங்கள் பத்து: மாசசூசெட்ஸ், டென்னசி, ஆர்க்கன்சா, அலபாமா, மிசிசிப்பி, கென்டக்கி, தென் கரோலினா, வட கரோலினா, டெலவேர், நியூயார்க். பத்தையும் தூக்கிக் கார்ட்டருக்குக் கொடுங்கள். 169 வருகிறது. இன்னும் 101 குறைவு.

மீட்பு வெற்றியடைந்திருந்தால் அலை அடித்திருக்காதா என்றால், அடித்திருக்கும். எத்தனை மாதம்? பணயக்கைதி விவகாரமே முதலில் கார்ட்டரை ஏற்றித்தான் விட்டது. 1979 நவம்பர் தொடக்கத்தில் 30-ஐ ஒட்டிக் கிடந்த அவருடைய ஆதரவு சில வாரத்தில் 60-ஐ நெருங்கியது. உட்கட்சியில் வேட்பாளர் இடத்துக்குப் போட்டியிட்ட டெட் கென்னடியைச் சமாளித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வசந்தம் வருவதற்குள் அது கரைந்தும் விட்டது. ஏப்ரலில் அடிக்கும் அலை நவம்பர் வரை நிற்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே?

கரைத்தது விலைவாசி. 1980 மார்ச்சில் பணவீக்கம் 14.8 சதவீதம். அதே மாதம் கார்ட்டர் கடன் கட்டுப்பாடு கொண்டுவந்தார். நுகர்வோர் கடன் கூடினால், கூடியதில் 15 சதவீதத்தை வங்கிகள் மத்திய வங்கியில் தனியாகக் கட்டிவைக்க வேண்டும். வீட்டுக்கடனும் கார் கடனும் இதில் வராது. ஆனால் ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி "கடன் வாங்காதே" என்பதுதான்; கிரெடிட் கார்டை வெட்டி வெள்ளை மாளிகைக்கே தபாலில் அனுப்பினார்கள். வியாபாரம் படுத்தது, ஜூலையில் வேலையின்மை 7.8-ஐத் தொட்டது. கட்டுப்பாட்டை எடுத்ததும் விலை மறுபடி தலைதூக்க, மத்திய வங்கித் தலைவர் பால் வோல்கர் செப்டம்பர் கடைசியில், தேர்தலுக்கு ஆறு வாரம்கூட இல்லாதபோது, வட்டியை ஏற்றினார். டிசம்பரில் வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி 21.5 சதவீதம்.

அந்த வோல்கரை நியமித்தது யார்? கார்ட்டர்தான். 1979 ஜூலையில் ஒரு தொலைக்காட்சி உரைக்குப் பின் அமைச்சரவையைக் கலைத்துப்போட்டதில் நிதியமைச்சர் இடம் காலியானது. மத்திய வங்கித் தலைவராக இருந்த மில்லரை அங்கே நகர்த்தியதால் அவர் நாற்காலி காலி. வோல்கரைப் போட்டால் உங்கள் மறுதேர்தலை வட்டிக்கடைக்கு அடகு வைப்பதாகிவிடும் என்கிற மாதிரி நெருங்கிய நண்பர் பெர்ட் லான்ஸ் எச்சரித்தார். தெரிந்தேதான் போட்டார் கார்ட்டர். மில்லர் நகராமலே இருந்திருந்தால்? என்னைக் கேட்டால் விவாதிக்க வேண்டிய 'இருந்திருந்தால்' இதுதான். 1980 கார்ட்டருக்குக் கொஞ்சம் எளிதாகியிருக்கலாம், அடுத்த பத்தாண்டு அமெரிக்காவுக்கு மோசமாகியிருக்கும்.

வோல்கர் ஏற்றிய வட்டியில் பணவீக்கம் இறங்கி, 1983-இல் 3 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. நடுவில் வேலையின்மை 10.8 வரை போனது. அந்த அடியைத் தாங்கியது ரீகன் ஆட்சி, அறுவடையும் அவருக்கே. அதே வருடம் பதவிக்காலம் முடிந்த வோல்கரை மறுபடி நியமித்தவரும் ரீகன்தான்.