பிள்ளைகளுக்கென்று பள்ளியில் ஓர் ஆள் வேண்டும்

தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் திட்டங்கள் போதவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புத்தகம், சீருடை, பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள், மதியச் சத்துணவு, கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய். எல்லாம் வருகிறது, நல்லபடியாகவே வருகிறது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்த பிறகு, எங்கள் ஊரில் மணி அடிப்பதற்கு முன்னாடியே சின்னப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இல்லாதது ஓர் ஆள். ஒரு பிள்ளை நாலு நாளாக ஏன் வரவில்லை, வந்தும் ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கிற ஆள். கேட்டதோடு விடாமல் வீட்டுக்குப் போய், தேவைப்பட்டால் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய், காரியத்தை முடித்துக் கொடுக்கிற ஆள். பாடம் நடத்த வேண்டாம், பரீட்சை வைக்க வேண்டாம். அவருடைய வேலையே பிள்ளைகள்தான். ஒவ்வொரு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும் அப்படி ஒருவர் முழுநேரமாக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

நான் பென்னாகரம் பக்கம். எங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகவும் இருந்திருக்கிறேன். சாயந்திரம் பாடம் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் பிள்ளைகள் வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவார்கள். பகலில் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்காத கதைகள் அவை.

எங்கள் பக்கத்து ஊர்களில் பாதி வீடுகளில் அப்பா அம்மா இருக்க மாட்டார்கள். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் ஏதோ ஒரு வேலை. மழை நம்பிச் செய்கிற விவசாயத்தில் வயிறு நிறையாது என்பதால் கிளம்பிப் போகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஆயாவிடமோ தாத்தாவிடமோ இருப்பார்கள். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் பெற்றவர்கள் வருவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா சித்தாள். அப்பாவைப் பெத்த ஆயாவோடு இருந்தாள். ஆயா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. முதல் வாரம் பிள்ளை லீவு. அடுத்த வாரம் அரை நாள் வந்து போனாள். அப்புறம் நின்றுவிட்டாள். வகுப்பு டீச்சர் போன் அடித்துப் பார்த்தார், ஸ்விட்ச் ஆஃப். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார். பொங்கலுக்கு வந்த பெற்றவர்கள் ஆயாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, பெண்ணைத் தங்களோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பெங்களூர்ப் பக்கம் தகர செட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டு, தம்பியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று கேள்வி.

அந்தப் பிள்ளைக்குப் பணம் தேவைப்படவில்லை. ஒரு விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்திருந்தால் போதும். நம் மாவட்டத்தில் நலத்துறை விடுதிகள் இருக்கின்றன, கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து எந்த ஆபீஸில் யாரைக் கேட்பது? பெண்ணை விடுதியில் விட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் வேறு. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேச ஒருவர் இருந்திருந்தால் அந்த அம்மா சம்மதித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எமிஸ் என்கிற பள்ளி மாணவர் விவரப் பதிவில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். பதிவாகிறது, உண்மை. தொடர்ந்து வராத பிள்ளையின் பெயர் பட்டியலில் வந்துவிடும். வருஷா வருஷம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. ஆனால் எமிஸ் தமிழ்நாட்டு அரசின் கணக்கு. ஓசூர் தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளி போய்விட்டால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் போக மனுஷன்தான் வேண்டும்.

இதையெல்லாம் ஆசிரியர்கள் செய்யக் கூடாதா என்று கேட்பவர்கள் ஒரு நாள் பள்ளியில் வந்து உட்கார்ந்து பாருங்கள். காலையில் செயலியில் வருகைப் பதிவு. அப்புறம் உதவித்தொகை விவரம், ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு எண் சரிபார்ப்பு, நடுவில் ஒரு பயிற்சி, ஒரு கூட்டம். இத்தனைக்கும் நடுவில் பாடம் நடத்த வேண்டும், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வேறு காட்ட வேண்டும். "நான் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனா இங்க நாப்பது பேர் சும்மா உக்காந்திருப்பாங்கம்மா, நீங்களே சொல்லுங்க" என்று ஒரு டீச்சர் என்னிடம் கேட்டார். அவரிடம் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து வாத்தியார் ஊரிலேயே குடியிருந்தார், எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் தர்மபுரியிலிருந்தோ அரூரிலிருந்தோ பஸ் பிடித்து வந்து போகிறவர்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பதினெட்டு நிரம்பாத பெண்களுக்குக் கல்யாணம் பேசுவது இன்னும் நின்றபாடில்லை. 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவிக்கு 1098 எண் இருக்கிறது, சமூக நலத்துறை ஆட்கள் மண்டபத்துக்கே வந்து நிறுத்துகிறார்கள். ஆனால் கல்யாணம் பேசுகிற செய்தி முதலில் யாருக்குத் தெரிகிறது? பக்கத்து பெஞ்சில் உட்காரும் தோழிக்கு. "எங்க வீட்டுல மாமாவுக்குக் கொடுக்கறாங்கடி" என்று இன்டர்வெல்லில் சொல்லிவிடுவாள். அந்தத் தோழி அதை யாரிடம் சொல்வாள்? டீச்சரிடம் சொன்னால் டீச்சர் என்ன செய்ய முடியும்? நாளைக்குச் சொந்தக்காரர்கள் பள்ளி வாசலில் வந்து நின்று, "எங்க வீட்டு விஷயத்துல நீங்க யாரு?" என்று சத்தம் போட்டால், அதே ஊரில் தினமும் பஸ் இறங்க வேண்டியவர் அவர். இதற்கென்றே நியமிக்கப்பட்டவர் ஒருவர் இருந்தால், "இது என் வேலைங்க, சட்டப்படி நான் சொல்லியே ஆகணும்" என்று நின்று பேச முடியும். அது டீச்சருக்கும் பாதுகாப்பு, சொன்ன பிள்ளைக்கும் பாதுகாப்பு.

பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட, பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். 14417 உதவி எண்ணும் பாடப் புத்தகத்தில் அச்சாகி வருகிறது. ஆனால் ஆயாவின் பட்டன் போனில், ஆயா பக்கத்தில் இருக்கும்போது, ஒரு பதினாலு வயசுப் பிள்ளை எதைச் சொல்லும்? முகம் தெரிந்த மனுஷரிடம்தான் பிள்ளைகள் வாய் திறப்பார்கள், அதுவும் பத்து நாள் பழகிய பிறகு.

எங்கள் பக்கத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது அதற்காகத்தான். இன்னும் போர் தண்ணீர் குடிக்கிற வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். என் சாயந்திர வகுப்பில் ஒரு பையன் சிரிக்கும்போதெல்லாம் சட்டைக் காலரைத் தூக்கி வாயை மூடிக்கொள்வான். வாசிக்கச் சொன்னால் எழுந்திருக்கவே மாட்டான். வாசிக்கத் தெரியாதவன் என்று எழுதி வைத்துவிட்டார்கள். தனியாக உட்கார வைத்துக் கேட்டால் சரளமாக வாசிக்கிறான். இந்த மாதிரி விஷயம் எந்தத் திட்டத்தில் வரும்?

மாற்றுத்திறன் பிள்ளைகள் விஷயத்தில் நிலைமை இன்னும் கஷ்டம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், இயன்முறை மருத்துவம் தருகிறார்கள். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்களில் பலரை எனக்குத் தெரியும், மனசார வேலை செய்கிறவர்கள். தொகுப்பூதியத்தில்தான் ஓட்டுகிறார்கள். தொடக்க வகுப்பில் இப்படிப்பட்ட 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது, ஒன்றிய அரசும் 2022-இல் அறிவிக்கையாக வெளியிட்டது. எங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் அந்த விகிதத்தைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். அவனுடைய அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மெயின் ரோடு வரை நடந்து, இரண்டு பஸ் மாறி வள மையத்துக்குப் போவார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூக்க முடிந்தது. இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயசு, காலைத் தொங்கவிட்டால் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே வருகிறது. போன வருஷத்திலிருந்து போவதை நிறுத்திவிட்டார். பயணப்படியும் துணைக்கு வருபவருக்கான படியும் உண்டு என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. இப்போது விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சாலையே சரியில்லாத வட்டுவனஅள்ளி மலை ஊர்களிலும், சித்தேரியிலும், அந்தப் பக்கம் கிருஷ்ணகிரியில் பெட்டமுகிலாளத்திலும் இதே மாதிரி ஒரு பிள்ளை இருந்தால் அந்த அம்மா என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பயிற்றுநர்களின் சம்பளம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருகிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, இந்தத் திட்டத்துக்கு வர வேண்டிய 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அந்தக் கொள்கை சொல்லும் மும்மொழி வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கட்டும். அந்தச் சண்டைக்கு நடுவில் நடக்க முடியாத பிள்ளையின் பயிற்சியை நிறுத்தி வைப்பது அநியாயம். இதை எந்தக் கட்சிக்காரர் முன்னாலும் சொல்வேன்.

ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் வேறொரு சிக்கல். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டு வருகிற பிள்ளை ஒன்றாம் வகுப்பில் மலங்க மலங்க விழிக்கும். அதை மந்தம் என்று நினைத்துவிடுவது சுலபம். அந்தப் பக்கத்து நண்பர்கள் என்னைவிட விவரமாக எழுதலாம்.

இப்போது சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறைகள் வகுத்தது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதியுள்ள மனநல ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சிறிய பள்ளிகள் வெளியில் உள்ள மனநல வல்லுநர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு ஆலோசகர் வேண்டும் என்ற விதி ஏற்கெனவே உண்டு. காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு நியாயம், எங்கள் பிள்ளைக்கு ஒரு நியாயமா?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் முடியாது என்றால், 2011 கணக்கெடுப்பில் 68.54 சதவீதத்தோடு எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசியில் இருந்த தர்மபுரியில் தொடங்கட்டும், அப்படியே கிருஷ்ணகிரிக்கும் வரட்டும். ஆள் கிடைக்காது என்ற பேச்சும் வேண்டாம். சமூகப்பணி படித்துவிட்டு ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், இந்த ஆளால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்காக. வீட்டில் சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால் அரசுப் பள்ளி மாணவருக்கு 75,000 ரூபாய் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 2025 செப்டம்பரிலிருந்து 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வில் தேறினால் நான்கு வருஷத்துக்கு மாதம் 1,000 ரூபாய். எங்கள் குழுக் கூட்டத்தில் இதை நான் வாசித்தபோது, புருஷன் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்துபோன ஒரு அக்கா எழுந்து, "இது எனக்கும் கிடைக்குமா?" என்று கேட்டார். அவருடைய பெண் அதே பள்ளியில்தான் படிக்கிறாள்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கப் போகிறேன். உச்ச நீதிமன்ற நெறிமுறைப்படி எங்கள் பள்ளிக்கு ஒரு முழுநேரச் சமூகப் பணியாளரை நியமிக்க வேண்டும், அதுவரை மாதம் ஒரு நாளாவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தும் வட்டார வள மையத்திலிருந்தும் ஆட்கள் பள்ளிக்கு வந்து பெற்றோரைச் சந்திக்க வேண்டும் என்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குழு உறுப்பினர்களாக இருக்கும் பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் இதே தீர்மானத்தை உங்கள் பள்ளியிலும் கொண்டு வாருங்கள். தீர்மானத்தைச் செயலியில் ஏற்றுவதோடு விட்டுவிடாமல், தலைமையாசிரியர் கையெழுத்தோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல், கலெக்டருக்கு ஒரு நகல் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாசகம் வேண்டுமென்றால் கேளுங்கள், தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.