ஈசியூ எல்லாவற்றையும் தானே சரிசெய்யாது
பைக்கின் சைலன்சரை மாற்றினாலும் ஈசியூ (இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று முடிவுசெய்யும் குட்டிக் கணினி) தானே பெட்ரோலைச் சரிசெய்துகொள்ளும் என்று நான் படித்த கட்டுரை ஒன்று சொல்வது பாதிதான் சரி. சாதாரண பைக்கில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து ஈசியூவுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் 14.7:1 (எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல்) என்ற கலவையை ஒட்டித்தான் சரியாகப் படிக்கும். பாளையங்கோட்டைக்குள் நிதானமாக ஓட்டும்வரை அது போதும். நாங்குநேரி நாற்கரச் சாலையில் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினால் ஈசியூ அந்தச் சென்சாரைப் பார்க்காது, கம்பெனி எழுதிவைத்த மேப்படிதான், அதாவது பெட்ரோல் அளவு அட்டவணைப்படிதான், பெட்ரோல் விடும். மாற்றிய சைலன்சரால் காற்று கூடி, பெட்ரோல் கூடாவிட்டால் இன்ஜின் கொதிக்கும், அதுவும் நம்ம ஊர் மே மாத வெயிலில்! என் பைக்கில் வள்ளியூர் தாண்டுவதற்குள் இழுவையே போய்விடும். அப்புறம் எல்லாக் கலவையையும் சரியாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டிப் பார்த்து, இன்ஜின் வேகமாகச் சுற்றும் மேல் ஆர்பிஎம்மில் மட்டும் பெட்ரோலைக் கூட்டிய பிறகுதான் சரியானது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அதனால் ஈசியூ கற்றுவைத்த திருத்தங்கள் அழியலாம், மேப் அப்படியேதான் இருக்கும்.